கண்டுபிடிப்பதற்கும் கூலி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் தம் பழைய காரைப் பற்றிப் புலம்பியிருந்தார். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பிறகு வொர்க்‌ஷாப்புக்கு அழுத காசே ஒரு புதுக் காரின் முன்பணம் அளவுக்கு வந்துவிட்டது, பழைய கார் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போல என்று எழுதியிருந்தார். அவருடைய வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் பழியைத் தூக்கிக் காரின் மேல் போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மாற்றியதாகச் சொன்ன சாமான்களைப் பாருங்கள்: பேட்டரி, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர், இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், குலுக்கலைத் தாங்கும் முன்பக்க அப்சார்பர் இரண்டு, சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் நான்கு. இத்தனையும் மாற்றிய பிறகும் கார் சரியாகவில்லை என்கிறார். அப்படியானால் கழற்றி எறிந்ததில் பாதியாவது நல்ல சாமானாகத்தான் இருந்திருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1983இல் ஒரு பேருந்துப் பணிமனையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். லேலண்ட் அட்லாண்டியன் ஈரடுக்கு பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். முப்பத்தைந்து ஆண்டு கழித்து மூத்த தொழில்நுட்பராக ஓய்வு பெற்றேன். இப்போது ஈசூனில் இருக்கிறேன். என்னுடையது 2007ஆம் ஆண்டு டொயோட்டா கரோலா ஆல்ட்டிஸ். 2017இல் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். இதுவரை 284,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சனிக்கிழமை காலையில் எங்கள் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் என் தலை தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் போனட்டைத் திறந்துவிடுவார். “அண்ணே, ஒரு நிமிஷம்” என்பார்கள். அந்த ஒரு நிமிஷம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

பழைய காரை ஏன் விடாமல் வைத்திருக்கிறோம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023இல் சிறிய கார்களுக்கான சிஓஇ முதல்முறையாக 100,000 வெள்ளியை (டாலரை)த் தாண்டிய செய்தி வந்த அன்று, என் பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய வியோஸ் காரின் முதுகைத் தடவிக் கொடுத்ததை நானே பார்த்தேன். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. சாலை வரியில் பதினோராம் ஆண்டு 10 விழுக்காடு கூடுதல், அப்படியே ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காட்டில் போய் நிற்கும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவு. ஒதுக்கி வைத்துவிடலாம். மனிதனை உட்கார வைப்பது வொர்க்‌ஷாப் பில்தான்.

என் தங்கை கணவரின் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் காலை ஆறே முக்காலுக்குப் போன். “மச்சான், வண்டி திரும்பவும் படுத்துடுச்சு.” சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்பு புது பேட்டரி போட்டிருந்தார். அது பத்து நாள் ஓடியது. பிறகு இன்னொரு வொர்க்‌ஷாப்பில் “ஆல்டர்னேட்டர் ரோசாக் (கெட்டுப்போச்சு), பாஸ், மாற்றிப் பார்ப்போம்” என்றார்கள். 480 வெள்ளி. நான்கே நாள். அன்று காலை மூன்றாம் முறை.

நான் என் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சுங்கை ரோடு சந்தையை 2017இல் மூடுவதற்கு முன்பு அங்கே எட்டு வெள்ளிக்கு வாங்கியது. மஞ்சள் நிறம், ஒரு பக்கம் டேப் சுற்றியிருக்கும், என் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தேன், 11.9. நல்ல பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும். சரி, வயிறு காலி. அடுத்த காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து, வயரைக் கழற்றி, ஹெட்லைட்டையும் ஏர்கானையும் போட்டுவிட்டு மறுபடி பார்த்தேன், 12.9. ஓடுகிற இன்ஜினில் இது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அந்த வொர்க்‌ஷாப்காரர் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார். அவர் மேல் முழுக்கத் தப்புச் சொல்ல முடியாது. பாதி வழி சரியாக வந்திருக்கிறார்.

மீதி வழியை நடந்தால் என்ன ஆகிறது பாருங்கள். மீட்டரை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வைத்தேன், 14.3. அதாவது ஆல்டர்னேட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும் வைத்தேன். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. 1.1 காட்டியது. திருடன் அகப்பட்டான். நெகட்டிவ் முனையிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் தடித்த கறுப்பு எர்த் வயர். மேலே பார்த்தால் புத்தம் புதிதாக இருந்தது. கீழே கியர்பாக்ஸில் முறுக்கிய இடத்தில் ரப்பர் உறையை விலக்கினேன், உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்துப்போய், செம்புக் கம்பி மாவு போல விரலில் ஒட்டியது. மோட்டார் நன்றாகத் தண்ணீர் ஏற்றுகிறது, குழாய் அடைத்திருக்கிறது, தொட்டி நிரம்பவில்லை என்று மோட்டாரை மாற்றினால் எப்படி?

வயர் 18 வெள்ளி. அரை மணி நேர வேலை. கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டு பொறி பறக்கும். மச்சான் அதை வேடிக்கை பார்த்தபடி காப்பி குடித்தார். அந்தப் பழைய ஆல்டர்னேட்டர், பாவம், எந்தக் காரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதோ.

இதில் நான் கேட்பது ஒன்றுதான். அந்த வொர்க்‌ஷாப்காரருக்கு மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியாதா? கண்டிப்பாகத் தெரியும். ஆனால் அவர் இருபது நிமிடம் குனிந்து நிமிர்ந்து தேடிவிட்டு “வயர் 18 வெள்ளி, தேடியதற்கு 60 வெள்ளி” என்றால் என் மச்சான் கொடுத்திருப்பாரா? நான் நேருக்கு நேர் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொடுத்திருக்க மாட்டேன், சண்டை போட்டிருப்பேன்” என்றார். 480 வெள்ளிக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்றேன். “அதுக்குப் பெட்டியில சாமான் இருந்துச்சே மச்சான்.”

இங்கேதான் நம் எல்லாருடைய தவறும் இருக்கிறது. பலதுறை மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் பார்ப்பதற்கே காசு என்று யாரும் சண்டை போடுவதில்லை. மருந்தே எழுதாமல் அனுப்பினாலும் கட்டிவிட்டுத்தான் வருகிறோம். காருக்கு மட்டும் பார்த்துச் சொல்வது இலவசமாக இருக்க வேண்டும், சாமான் போட்டால்தான் காசு. இப்படி நாமே பழக்கியிருக்கிறோம். சின் மிங்கிலோ ஊபியிலோ காக்கி புக்கிட்டிலோ ஒரு சின்ன வொர்க்‌ஷாப் நடத்துகிறவர் வாடகை கட்ட வேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். யோசிப்பதற்குக் காசு இல்லை, சாமானுக்குக் காசு உண்டு என்றால் அவர் எதைச் செய்வார்? சாமானைத்தான் விற்பார். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

அதனால் என் காரை வேறு யாரிடமாவது விடும்போது (லிஃப்ட்டில் ஏற்றிச் செய்யும் வேலை என் வயதில் முடியாது) நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: “பாஸ், கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் அதற்குத் தனியாகக் கொடுக்கிறேன். சாமான் மாற்றுவதற்கு முன்பு போன் செய்யுங்கள். கழற்றியதை எனக்குக் காட்டுங்கள்.” இந்த மூன்று வாக்கியத்தில் அவர் முகமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மெக்கானிக்குக்குத் தேடுவது பிடிக்கும் ஐயா. அதற்கு யாரும் அவருக்கு வாய்ப்புக் கொடுப்பதில்லை.

காயில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் புளோக் ஏழாம் மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். தேசிய சேவை முடித்துவிட்டு அப்பாவின் பழைய மிட்சுபிஷி லான்சரை ஓட்டுகிறான். கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. கேட்ட இடத்தில் நான்கு காயில், நான்கு ஸ்பார்க் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சுத்தம் என்று சேர்த்து 700 வெள்ளிக்கு மேல் சொன்னார்களாம். அவனிடமே ப்ளூடூத்தில் கைப்பேசியோடு பேசும் சின்ன ஸ்கேனர் ஒன்று இருந்தது. இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் பழுதுக்கான குறியெண்ணை, அதாவது கோடு (code), காட்டும். பி0303 என்று வந்தது. கடைசி எண்தான் விஷயம்: மூன்றாவது சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பற்றவில்லை.

பற்றவில்லை என்றுதான் சொல்கிறது. ஏன் என்று சொல்லவில்லை. காயிலாக இருக்கலாம், பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், வால்வாகக்கூட இருக்கலாம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் காயிலை எடுத்து முதல் சிலிண்டரிலும், முதலாவதை மூன்றிலும் மாற்றிப் போடச் சொன்னேன். பத்து மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, ஒரு வயர் கனெக்டர், அவ்வளவுதான். கோடை அழித்துவிட்டு ஈசூனிலிருந்து செம்பவாங் வரை போய் வரச் சொன்னேன். திரும்பி வந்து கைப்பேசியைக் காட்டினான், பி0301. பழுது காயிலோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. காயில் ஒன்றுதான் கெட்டது. கோடு மூன்றிலேயே நின்றிருந்தால் காயிலை விட்டுவிட்டு அடுத்து பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றிப் பார்த்திருப்போம். செலவு 70 வெள்ளி. “அங்கிள், யூடியூப்ல இதை யாரும் சொல்லலையே” என்றான். சொல்லியிருப்பார்கள் தம்பி, நீ பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாய்.

ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம். விட்டு விட்டு மினுக்கினால் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் விலை எல்லாம் சுண்டைக்காய்.

ரேடியேட்டர். அந்த வாசகரிடம் நான் கேட்க விரும்புவது, எப்போது சூடேறியது என்பதுதான். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதா, ஓடும்போதா? இதற்கு எனக்கே ஒரு பாடம் நடந்தது. ஜொகூர் பாருவில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். மலேசிய எல்லையைக் கடக்கும் உட்லண்ட்ஸ் பாலத்தில் வெள்ளிக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முக்கால் மணி நேரமாக ஆமை வேகம். சூட்டு முள் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. பத்தடி நகர்ந்து கொஞ்சம் காற்று வந்தால் இறங்குகிறது. மறுபடி நின்றால் ஏறுகிறது. மனைவி பட்டுச் சேலையில், முன்னிருக்கையில், ஒரு வார்த்தை பேசாமல் என்னைப் பார்க்கிறாள். ஏர்கானை அணைத்தேன். அப்போது பேசினாள்.

நின்றால் ஏறி, ஓடினால் இறங்குவது ஃபேனுடைய வேலை நடக்கவில்லை என்பதற்கு அடையாளம். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டரில் அடிக்கிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். இதற்கு நேர் எதிராக, விரைவுச்சாலையில் 90இல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குறைவு, வாட்டர் பம்ப் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ரேடியேட்டரை மாற்றுவது, காய்ச்சல் என்றதும் கிட்னியை எடுப்பது மாதிரி.

கல்யாண வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனட்டைத் திறந்தேன். ஏர்கானைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை எடுத்துவிட்டு, அதே எண் பொறித்திருந்த ஹார்ன் ரிலேயை அங்கே வைத்தேன். அப்போதும் சுற்றவில்லை, ஆக ரிலே குற்றமில்லை. (கையோடு ஹார்ன் ரிலேயை அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். நான் மறந்துபோய் மறுநாள் தேக்காவில் ஹார்ன் அடிக்க முடியாமல் திண்டாடினேன்.) கடைசியாக, சாவியை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்பேனரின் கைப்பிடியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். கையை எடுத்துவிட்டு மறுபடி இன்ஜினையும் ஏர்கானையும் போட்டதும் கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. தட்டினால் விழித்துக்கொள்ளும் மோட்டார், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார். அன்றிரவு அப்படியே வீடு வந்து சேர்ந்தோம், திங்கட்கிழமை மோட்டாரை மட்டும் மாற்றினேன். ரேடியேட்டர் இன்றும் பழையதுதான்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்வதில்லை. அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், எல்லாம் ஒரே அடியாகக் கொதித்து முகத்துக்கு வரும். பணிமனையில் என்னோடு சேர்ந்தவர் ஒருவருக்குக் கழுத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அதே காரணத்தால், ரப்பர் தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் நல்ல ரேடியேட்டர் வைத்திருந்தும் கொதிக்கும். மூடியின் விலை பதினைந்து வெள்ளி. இன்னொன்று: சூடேறினால் ஹீட்டரைப் போடுங்கள் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊருக்கு வந்த கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்பினால் காற்று மட்டும் வரும்.

அப்சார்பர் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவே கூடாது. ஏனென்றால் அந்தத் தவறை நானே செய்தேன், முப்பது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு. முன்பக்கம் லொடக் லொடக் என்று சத்தம். பஸ்ஸிலே பார்க்காத சத்தமா என்ற திமிரில் இரண்டு அப்சார்பரையும் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. பிறகுதான் நிதானமாகக் கவனித்தேன். மேட்டில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தம் குறைவு. ஒரு சக்கரம் மட்டும் சாக்கடை மூடியில் விழுந்தால் நன்றாகக் கேட்கிறது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி, இரண்டும் சேர்ந்து அசையும்போது முறுகுவதில்லை, ஒன்று மட்டும் அசையும்போதுதான் முறுகும். அந்தக் கம்பியின் முனையில் லிங்க் என்ற இணைப்புத் தண்டு ஒன்று இருக்கும். அதன் பந்து தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 60 வெள்ளி. அப்சார்பருக்குக் கொடுத்ததை நான் மனைவியிடம் இன்று வரை சொல்லவில்லை. உங்கள் பத்திரிகையை அவள் படிப்பாள் என்பதால் இங்கும் எழுதப்போவதில்லை.

இந்த மாதிரிச் சத்தங்களைப் பிடிக்க நம் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது. சுவர் எதிரொலிக்கும், வளைந்து ஏறும் பாதை இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்து மெல்ல ஏறும்போது டிக்டிக்டிக் என்று கேட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனை தேய்ந்திருக்கிறது. கீழே குனிந்து பாருங்கள், ரப்பர் உறை கிழிந்து சக்கரத்தின் உள்பக்கம் எல்லாம் கிரீஸ் சிதறியிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுவிட்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும். வேகம் கூடக் கூட விமானம் மாதிரி இரைந்தால் சக்கர பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். சாலையின் மேற்பரப்பு மாறும்போது இரைச்சலும் மாறினால் டயர். வலப்பக்க வளைவில் பாரம் இடது சக்கரத்துக்குப் போகும், அப்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங்.

ஆசிரியர் அவர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்து சொல்வதில் உங்கள் பத்திரிகைக்கும் பங்கு உண்டு. காருக்குக் கீழே என்ன ஒழுகுகிறது என்று பார்க்க நான் பழைய செய்தித்தாளைத்தான் விரிக்கிறேன். அதிலும் ஞாயிற்றுக்கிழமைத் தாள். பக்கம் அதிகம். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் இரவு விரித்து, பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். காலையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏர்கான், கவலை வேண்டாம். காய்ந்ததும் தாள் சுருங்கியிருக்கும், கறை இருக்காது. கூலன்டும் தண்ணீர் மாதிரி சுருக்கும், ஆனால் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ கோடு கட்டி நிற்கும், முகர்ந்தால் தித்திப்பு வாடை. எண்ணெய் சுருக்காது. பரவும். தாளைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும், பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். பழுப்பு கறுப்பு என்றால் இன்ஜின் எண்ணெய், சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோ கியர் எண்ணெய். சிவப்பைப் பார்த்ததும் குழம்ப வேண்டாம், கூலன்டா கியர் எண்ணெயா என்பதைத் தாள் சுருங்கியதா பரவியதா என்பது சொல்லிவிடும். ஒரு முறை மரண அறிவித்தல் பக்கத்தின் மேல் கறுப்புச் சொட்டு விழுந்திருந்தது. என் மனைவி அதைக் கெட்ட சகுனம் என்றாள். எண்ணெயை வடிக்கத் திறக்கும் டிரெய்ன் பிளக்கின் வாஷர் என்றேன்.

சக்கரத்துக்கு நேர் கீழே, உள்பக்கமாக, வழவழவென்று மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் அது பிரேக் எண்ணெய். அன்று காரை எடுக்காதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். நான் மேலே சொன்னது எல்லாம் பார்ப்பதும் கேட்பதும் அளப்பதும்தான். பிரேக்கைப் பிரிப்பது, ஜாக்கி மட்டும் வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுப்பது, இதெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடாத வேலை. பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், அந்தத் தண்ணீர்தான் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போது நம்மவர்கள் சொல்வது என்ன? “வண்டி சரியில்லை பாஸ், என்னன்னு பாருங்க.” எதிரில் இருப்பவர் சீனர், நம்மவருக்கு ஆங்கிலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பெயர் தெரியாது, கூச்சம். அதனால் சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெயரே தேவையில்லை. காலையிலா மாலையிலா, இன்ஜின் ஆறியிருக்கும்போதா சூடாகவா, என்ன வேகம், எந்தப் பக்கம் திருப்பும்போது, மழையிலா வெயிலிலா, எத்தனை நாளாக, அதற்கு முன்பு யார் எதை மாற்றினார்கள். இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் பணிமனையில் பஸ் ஓட்டுநர்கள் பழுதுத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். “பிரேக் கெட்டுவிட்டது” என்று எழுதியவரின் பஸ்ஸுக்கு அரை நாள் ஆகும். “மழை பெய்து ஓய்ந்த பிறகு முதல் இரண்டு நிறுத்தத்தில் மட்டும் இடது பக்கம் இழுக்கிறது” என்று எழுதும் ஒரு ஓட்டுநர் இருந்தார். அவருடைய பஸ் தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த வாசகருக்கு: ஆறாவதாக எதையும் மாற்றுவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை ஈசூன் பக்கம் வந்தால் மீட்டரோடு காத்திருக்கிறேன். முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு, என் காரில் ஒரு பழுதை மூன்று வருடமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானே சொன்ன முறைப்படி எழுதுகிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். பின்பக்கம், இடது. காலையில் முதல் ஐந்து நிமிடம் மட்டும். கார் நிறுத்துமிடத்தை விட்டு இறங்கி இடப்பக்கம் திரும்பும்போது ஒரே ஒரு டிக். வலப்பக்கம் திரும்பினால் இல்லை. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால் இல்லை. மழை நாளிலும் வருகிறது. அப்சார்பர் மேல் மவுண்டிங், பின் ஆக்சில் புஷ், புகைக்குழாய் ரப்பர், பூட் பூட்டு, உதிரிச் சக்கரம், ஜாக்கி, சீட் பெல்ட் கொக்கி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதையும் மாற்றவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்துத் தொழில்நுட்பர்,
ஈசூன்